சட்டத்துக்கு ஒரு விலாசம்

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன். ஊழியர் சேமலாப நிதி விஷயம். பெரியம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். ஐம்பது வயது தாண்டியதும் காசை எடுக்கலாம் என்று விண்ணப்பம் போட்டால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது பெயர். மூன்றும் அவரேதான். ஆனால் அதைச் சட்டப்படி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கண்டியில் இலவசமாக சட்ட உதவி செய்கிற ஒரு அமைப்பு இருக்கிறது என்று யாரோ விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, டவுனில் இறங்கி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். மாடிப்படி ஏறினால் அங்கே டியூஷன் வகுப்பு நடக்கிறது. கீழே கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார்: அவர்கள் போய்விட்டார்கள், வாடகை கூடிப்போச்சு, எங்கே போனார்கள் என்று தெரியாது.

பெரியம்மா என்னைப் பார்த்து, "இங்கதானே இருக்காங்கன்னு எழுதியிருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு நாள் சம்பளம், இரண்டு பேருக்குப் பஸ் காசு, எல்லாம் போச்சு. பிறகு தொலைபேசி எண் தேடிப் பிடித்து, இன்னொரு நாள் போய், வேறொரு வீதியில் அவர்களைக் கண்டுபிடித்தோம். நல்ல மனிதர்கள். வேலையும் நடந்தது. அங்கே இருந்த பிள்ளை சொன்னாள், அவள் சேர்ந்த பிறகு மூன்றாவது தடவை இடம் மாறுகிறார்கள் என்று. சுவரோரம் பிஸ்கட் பெட்டிகளில் கோப்புகள் அடுக்கியிருந்தன. ஒரு நிலையான கட்டடத்துக்காகக் காசு சேர்க்கப் பார்க்கிறார்களாம். ஆனால் நிதி தருகிறவர்கள், "வழக்குக்குத் தருவோம், செங்கல்லுக்குத் தரமாட்டோம்" என்கிறார்களாம்.

முதலில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏழைகளுக்குச் சட்டத்தரணி தேவை, கட்டடம் எதற்கு? ஆனால் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள் என்பதால், மலையகத்தில் சட்ட உதவி இதுவரை எங்கே, யாருடைய கூரைக்குக் கீழே நடந்திருக்கிறது என்று பின்னால் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

தோட்டத்துக்கு வெளியே ஒரு அறை

லயத்துக் காம்பரா தொழிலாளியுடையது அல்ல. பிரட்டுக்களம், ரோடு, கோயில் நிற்கிற நிலம் எல்லாம் தோட்டத்துடையது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றம். அதாவது ஒரு சட்டத்தரணியோ தொழிற்சங்கக்காரரோ தொழிலாளியின் வீட்டுக்கு வந்து "என்ன பிரச்சினை?" என்று கேட்கவே முடியாது.

கோ. நடேசய்யர் இதனால்தான் புடவை வியாபாரி வேஷம் போட்டுத் தோட்டங்களுக்குள் போனார். இந்தக் கதையை மலையகத்தில் சின்ன வயதிலேயே கேட்டிருப்போம், சாகசக் கதை மாதிரி. ஆனால் அதை வேறு மாதிரியும் வாசிக்கலாம். சட்டம் தெரிந்த ஒருவர் சட்டம் தேவைப்படுகிற மக்களைச் சந்திக்க நாட்டில் ஒரு பொதுவான இடம்கூட இல்லை, அதனால் அவர் துணி மூட்டை தூக்க வேண்டி வந்தது.

1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் தொடங்கியபோது, அதன் தலைமையகத்தைக் கொழும்பில் வைக்கவில்லை. அட்டனில் வைத்தார். இது சின்ன விஷயம் இல்லை. கொழும்பு, சட்டசபையும் பெரிய நீதிமன்றங்களும் இருக்கிற இடம். அட்டன், ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருகிற தொழிலாளி நடந்து வந்து சேரக்கூடிய இடம். அவரும் மீனாட்சியம்மாளும் துண்டுப்பிரசுரம், பாட்டு, மகஜர் என்று எழுதித் தள்ளியது எல்லாம் தோட்டத்து எல்லைக்கு வெளியே ஒரு இடம் கிடைத்த பிறகுதான் ஊன்றியது.

கொழும்பில் ஜெயித்த வழக்கு

1936இல் மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார். கண்டிக்கு வடக்கே மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர். தொழிலாளரை நடத்துகிற விதத்தைப் பார்த்து அவர்கள் பக்கம் சாய்ந்தார், வேலை போனது, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் மேடையேறினார். அந்த மாதமே அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை பிறப்பித்தார்.

பிரேஸ்கேடில் தலைமறைவாகி, பிறகு கைதாக, ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைய முன்னணி சிவில் சட்டத்தரணி எச்.வி. பெரேரா கட்டணம் வாங்காமல் வாதாடினார். 1937 மே 18ஆம் திகதி தீர்ப்பு: ஆளுநருக்கு அப்படிக் கட்டளை போட அதிகாரம் இல்லை. இலங்கையின் சிவில் உரிமை வரலாற்றில் இன்றும் பேசப்படுகிற தீர்ப்பு அது.

பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனாலும் ஒரு கேள்வி வருகிறது. அதே மடுல்கலையில், அதே வருடத்தில், அதே மாதிரித் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு தொழிலாளிக்கு எச்.வி. பெரேரா கிடைத்திருப்பாரா? பிரேஸ்கேடிலுக்குக் கட்சி இருந்தது, ஆங்கிலம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. ஒரு பெரிய மனிதரின் நல்ல மனசு ஒரு வழக்கைக் காப்பாற்றும். அடுத்த வாரம் வருகிற ஆள் போய்த் தட்டுகிற கதவாக அது இருக்காது.

மூன்று வருடத்தில் அந்த அடுத்த ஆள் வந்தார். 1940 ஜனவரி 10ஆம் திகதி, எங்கள் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். விசாரணை ஆணைக்குழு வைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். இங்கேயும் சட்டம் வெளியிலிருந்து, ஒரு மரணத்துக்குப் பிறகு, ஒரு கட்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தோட்டத்துக்கு வந்தது.

கடதாசி இல்லாத சனம்

சுதந்திரத்துக்குப் பிறகு பிரச்சினையின் வடிவமே மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. இரண்டாவது சட்டத்தின்படி, கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ந்து 7 வருடம் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். ஆகாதவர் என்றால் 10 வருடம்.

சொல்ல லேசு. எதைக் காட்டுவது? வீட்டு உறுதியா? வீடே தோட்டத்துடையது. கரண்ட் பில்லா? தொழிலாளி இருந்ததற்கு ஆதாரம் செக்ரோல்தான். அது தோட்டத்து ஆபீஸில், கிளாக்கரின் அலுமாரியில் இருக்கிறது. எங்கள் பூட்டனார் தோட்டம் மாறி வந்தவர். பழைய தோட்டத்தில் போய்க் கேட்டால் அந்த வருடத்துச் செக்ரோல் இல்லை என்றார்களாம். அவருடைய விண்ணப்பம் அதோடு நின்றுவிட்டது என்று அம்மாயி சொல்லுவார். அம்மாயியின் கைக்கு பிரஜாவுரிமை வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்.

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். கேகாலை மாவட்டம் றுவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கவில்லை என்று கோடக்கன் பிள்ளை என்பவர் போனார். மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி அவர் பக்கம் நின்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர் மனுவைத் தள்ளியது. அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மையைக் காக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

சட்டப் புத்தகங்களில் இந்த வழக்குத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பான்மைச் சனத்தின் தலைவிதி வழக்கில் தீரவில்லை, படிவத்தில்தான் தீர்ந்தது. முதலில் அந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரஸ், பிறகு விண்ணப்பிக்கச் சொன்னது. அதனால் 1951 ஓகஸ்ட் கடைசித் திகதி நெருங்க நெருங்க விண்ணப்பங்கள் குவிந்தன. மொத்தம் சுமார் 237,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களுக்காக. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகும்வரை பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

எழுதப் படிக்கத் தெரியாத இலட்சக்கணக்கான பேருக்கு அந்தப் படிவங்களை யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், சங்கக் கிளைத் தலைவர், டவுனில் காசுக்கு மனு எழுதுகிறவர். அவர்கள் நிரப்பிய படிவத்தின் பிரதி எங்கே இருக்கும்? நிராகரிப்புக் கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்? தோட்டத்து ஆபீஸுக்கு. அது லயத்துக்கு வந்து சேர்வது ஆபீஸின் கையில். இன்றைக்கும் எத்தனையோ தோட்டங்களில் தனி வீட்டு விலாசம் இல்லை. நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த சிநேகிதர்கள் எனக்கே இருக்கிறார்கள். விலாசம் இல்லாத ஆளுக்குச் சட்டம் எழுதுகிற கடிதம் போய்ச் சேராது.

சங்கத்துக் கட்டடமும் சந்தா ரசீதும்

"ஏன், சங்கங்களுக்குத்தான் சொந்தக் கட்டடம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். உண்மை. தொழிலாளி மாதாமாதம் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த சந்தாவில் மலையக நகரங்களில் சங்கக் காரியாலயங்கள் நிமிர்ந்தன. 1957இல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளைக் கொண்டு வந்தபோது, வேலை நீக்கப்பட்ட தொழிலாளிக்காகச் சங்கமே மனுப் போடலாம் என்று வந்தது. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு அது பெரிய வாசல். சங்கப் பிரதிநிதிகள் பலர் சட்டம் படிக்காமலே சட்டம் பேசப் பழகினார்கள். இதை நாங்கள் மறக்கக்கூடாது.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது: சங்கம் தன் அங்கத்தவருக்காக மனுப் போடலாம். அங்கத்தவருக்காக. சந்தா நின்றவர், வேறு சங்கத்துக்காரர், தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக் கடையில் நிற்கிற பையன், வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்ச் சம்பளம் இல்லாமல் திரும்பி வந்த அக்கா, புருஷனிடம் அடிவாங்குகிற பெண், இவர்கள் யாரும் அந்த வரிக்குள் வரமாட்டார்கள். கடைசியாகச் சொன்னவளின் புருஷன் அதே சங்கத்தின் கிளைத் தலைவராக இருந்தால் அவள் எந்தக் கதவைத் தட்டுவாள்?

ஆகவே சொந்தக் கட்டடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டடம் யாருடைய பெயரில், யாருக்குத் திறந்திருக்கிறது என்பதும் முக்கியம். எங்கள் ஊர்க் காரியாலயச் சுவர்களில் தலைவர்மாரின் படங்கள் பெரிதாகிக்கொண்டே வந்ததையும், வாங்கில் உட்கார்ந்திருக்கிற சனம் குறைந்துகொண்டே வந்ததையும் பார்த்துத்தானே வளர்ந்தோம்.

கண்டியில் ஒரு வீடு

1970களில் கண்டியைச் சுற்றிய தோட்டங்கள் பட்ட பாட்டை இங்கே விரிவாக எழுத இடமில்லை. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. பஞ்சம் வந்தது. 1977இல் இன வன்முறை வந்தது. வேலையும் காம்பராவும் ஒன்றாகப் பறிபோனவர்கள் கண்டித் தெருவுக்கு வந்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது மலையகத்து வாழ்க்கையின் பழைய விதி. ஆனால் அப்போது அது ஊரூராக நடந்தது.

அந்தக் காலத்தில்தான், 1972இல், போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவர், தமிழர், வெவ்வேறு மதத்தவர் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்வது என்பது அதன் அடிப்படை. அது சட்ட உதவி நிலையம் அல்ல. ஆராய்ச்சி, ஆவணம், சந்திப்பு என்றுதான் அதன் வேலை. ஆனாலும் பெருந்தோட்ட மக்களின் பிரஜாவுரிமை, சம்பளம், காணி பற்றிய விபரங்கள் ஒரு இடத்தில் சேர்ந்தன. 1974இல் உருவான பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகத்துக்கும் அவர்தான் முதுகெலும்பு. 2017இல் அவர் காலமாகும்வரை, தோட்டத்து மக்களைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். ஒரு வீடு ஒரே ஊரில் பல பத்தாண்டு நின்றதால் வந்த பலன் அது.

அரசும் தன் பங்குக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தது. கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் கட்டாயம் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பே அரசு நிறுவனமாக இருக்கும்போது சனம் தயங்கும். மொழியும் ஒரு தடை. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் உரிமை இருக்கிறது, ஆனால் அப்படியொரு உரிமை இருப்பதாக முதலில் யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

இடம் சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2003 சாட்சி. அந்த வருடத்து 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிய பிறகு, தோட்டப் பகுதிகளிலேயே நடமாடும் நிலையங்கள் வைத்து, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஸ்தானிகராலயமும் அரசும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வேலை செய்தன. சுமார் 10 நாளில் ஏறக்குறைய 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். அரை நூற்றாண்டு இழுபட்ட விஷயம். சட்டம் எளிமையானது ஒரு காரணம். மேசையும் கதிரையும் சனம் நடந்து வரக்கூடிய தூரத்தில் போடப்பட்டது இன்னொரு காரணம்.

இங்கிலாந்திலும் இதே பாடம்தான். 1970இல் வட கென்சிங்டன் சட்ட நிலையம் லண்டனில் திறக்கப்பட்டது. அந்த நாட்டின் முதல் சமூகச் சட்ட நிலையம். அது தொடங்கிய இடம் ஒரு பழைய இறைச்சிக் கடை. கோல்போர்ன் வீதியில், சந்தைக்கு வருகிற ஏழைகளும் குடியேறிகளும் தினமும் கடந்து போகிற கடைவரிசை. சட்டத்தரணியின் ஆபீஸுக்குள் போகக் கூச்சப்படுகிறவர் கடைக்குள் போகக் கூச்சப்படமாட்டார்.

கோயில் கட்டத் தெரிந்தவர்கள்

இப்போது அந்த நிதிக்காரர்களின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். வழக்கா, செங்கல்லா?

ஒரு செயற்திட்டத்துக்கு இரண்டு, மூன்று வருடம். ஒரு காணி வழக்குக்கு அதைவிடக் கூட ஆகும். திட்டம் முடிய வாடகை நிற்கும், வாடகை நிற்க ஆபீஸ் மாறும், ஆபீஸ் மாற கோப்பு தொலையும், கோப்புத் தொலைந்தால் வழக்கே தொலையும். எங்கள் பூட்டனாரின் செக்ரோல் தொலைந்தது தோட்டத்து அலுமாரியில். பெரியம்மாவின் கோப்பு நாளைக்குத் தொலைந்தால் அது எங்களுக்கு உதவி செய்ய வந்தவர்களின் பிஸ்கட் பெட்டியில் தொலையும். இழப்பு ஒன்றுதான். வாடகைக்குப் போகிற காசை வைத்துப் பார்த்தால், செங்கல்லும் வழக்குச் செலவுதான்.

வெளிநாட்டு நிதியை மட்டும் நம்பிக் கட்டவும் முடியாது. ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கட்டடம் கட்டத் தெரியாதா? எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மாரியம்மன் கோயிலாவது இருக்கும். அதில் அரசாங்கத்துக் காசு எவ்வளவு, தொழிலாளி சம்பளத்தில் பிடித்துக்கொடுத்த காசு எவ்வளவு என்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாவு வீட்டுச் செலவுக்கு மரண உதவிச் சங்கம் வைத்து மாதாமாதம் கட்டுகிறார்கள். தான் படுக்கிற காம்பராவுக்கு உறுதி இல்லாத சனம், தலைமுறை தலைமுறையாகச் சாமிக்கு நிரந்தர வீடு கட்டி, தேரும் இழுத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு சிறு பங்கு சட்டத்துக்கும் வரட்டுமே. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்கு வந்த நாங்கள், ஆளுக்குக் கொஞ்சம். கட்டடம் ஒரு நம்பிக்கை நிதியத்தின் பெயரில் இருக்கட்டும், எந்தத் தலைவரின் படமும் வேண்டாம், வாசலில் சந்தா ரசீது கேட்க வேண்டாம்.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பழைய பாத்திரம், கூடை, கடதாசி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அவசியம் போய்ப் பாருங்கள். நான் போனபோது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. செத்துப்போனவர்களின் கடதாசிக்கு ஒரு கூரை கிடைத்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களின் கடதாசி இன்னும் வாடகை அறையில்.

பெரியம்மாவுக்குப் போன ஆவணியில் காசு கிடைத்தது. கடைசியாக அந்த ஆபீஸுக்கு நன்றி சொல்லப் போனபோது, தோட்டத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இதே பெயர்ப் பிரச்சினை என்று சொல்லி விலாசத்தை எழுதித் தரக் கேட்டார். அந்தப் பிள்ளை பேனாவை எடுத்தாள். பெரியம்மா தடுத்தார்.

"பென்சில் இருந்தா அதுல எழுதும்மா. நீங்க மாறுனா அழிச்சிட்டு எழுதிக்கலாம்."